பூமி நிலையத்திலிருந்து தாரணி

அருமனை,
10 பிப்ரவரி 2024.

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஞானசிங்குக்கு,

அக்கா ராஜபாயின் அன்பு. இங்கே நானும் மருமகள் ரெஜிலாவும் சுகம். மஸ்கட்டிலிருந்து சுபின் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறான். ரெஜிலா போனைத் தூக்கிப் பிடிப்பாள். நான் இங்கிருந்து கையை ஆட்டுவேன், அவன் அங்கிருந்து கையை ஆட்டுவான். தாயும் மகனும் பேசுவது அவ்வளவுதான். உனக்கும் ஷீஜாவுக்கும் சுகந்தானே? உன் முதுகுவலி குறைந்ததா?

நீ ரெஜிலாவின் போனுக்கு அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். போனிலேயே பதில் போடச் சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் சிலேட்டில்தான் பேசுகிறேன். 'சாயா.' 'உப்பு இல்லை.' 'மோட்டாரை நிறுத்து.' நாள் முழுக்க இப்படித் துண்டு துண்டாகப் பேசிவிட்டு உன்னிடமும் அதையே செய்ய முடியாது. காகிதத்தில் எழுதினால்தான் ஒரு முழு வாக்கியம் பேசிய திருப்தி வருகிறது. நீயும் காகிதத்திலேயே எழுது.

நீ கேட்ட 'நெடுவான்' கேசட்டுகள் இருக்கின்றன. உன் அத்தான் சாகிறவரை அவற்றைத் துணி சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். நாடகம் ஒலிபரப்பான ஒவ்வொரு வாரமும் டேப் ரெக்கார்டரை ரேடியோவுக்கு முன்னால் வைத்துப் பதிவு செய்தது அவர்தானே. நடுநடுவே அவர் இருமுவதும் கேட்கும். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு கூரியரில் அனுப்புகிறேன். பூஞ்சை பிடித்திருந்தால் என்னைக் குறை சொல்லாதே.

எதற்குக் கேட்கிறாய் என்று நீ சொல்லவில்லை. சும்மா கேட்க ஆசை என்றால் அதுவும் சந்தோஷமே.

ஜெபத்தில் உங்களை நினைக்கும்
அக்கா ராஜபாய்.


பல்லாவரம்,
3 மார்ச் 2024.

மதிப்பும் அன்பும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பியின் ஸ்தோத்திரம். இங்கே இருவரும் நலம். முதுகுவலி நாற்காலியோடு சேர்ந்து பிறந்தது, போகாது. உனக்குக் கழுத்தில் துவாரத்தைச் சுற்றிப் புண் இருந்ததாக ரெஜிலா சொன்னாளே, ஆறிவிட்டதா?

பெட்டி வந்து சேர்ந்தது. பூஞ்சை இல்லை. முதல் கேசட்டை ஆபீசிலேயே ஓடவிட்டேன். நான் வேலை பார்க்கும் ஒலிப்புத்தகக் கம்பெனியில் எல்லாரும் சின்னப் பிள்ளைகள். ஒப்பந்தத்தில் சத்தத்தைச் சுத்தப்படுத்திக் கொடுக்கிற என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டுவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போவார்கள். அன்றைக்கு அத்தனை பேரும் என் மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

ஐந்து பேர் ஏறிய 'நாரை' என்ற விண்கலம் சனிக் கிரகத்தைத் தாண்டிப் போகிறது. பூமி நிலையத்தில் உட்கார்ந்து அவர்களோடு பேசுகிற தாரணியாக நீ. கலம் தூரம் போகப் போக உன் கேள்விக்குப் பதில் வர நேரம் கூடுகிறது. அந்தக் காத்திருப்பை வெறும் மூச்சிலேயே காட்டியிருக்கிறாய். நாரையின் என்ஜினுக்காக நம் வீட்டு ரப்பர் ஷீட் மிஷினின் கைப்பிடியை நான் சுற்றிய சத்தமும் அப்படியே இருக்கிறது. அதை மிஷின் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை.

எங்கள் தலைவர் எபின், குளச்சல் பக்கத்துப் பையன். அவன்தான் முதலில் கேட்டான்: "அங்கிள், இது யாருக்க சத்தம்?"

"எனக்க அக்காவுக்க சத்தம்" என்றேன். சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நாடகம் முழுவதையும் சுத்தம் செய்து ஆப்பில் வெளியிடப் போகிறார்கள். உனக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். அக்கா மறுக்க மாட்டாள் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஒன்பதாம் பாகம் மட்டும் கேசட்டில் இல்லை. அது கலம் சனிக்குப் பின்னால் மறைந்துபோக நீ தனியாகப் பேசிக்கொண்டே இருக்கிற பாகம். உனக்கு நினைவிருக்கிற வசனத்தை எழுதி அனுப்புகிறாயா?

உன் தம்பி
ஞானசிங்.


அருமனை,
21 மார்ச் 2024.

பிரியமான தம்பிக்கு,

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. என் புண் ஆறிவிட்டது. கொல்லம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மருந்தை ரெஜிலா போட்டுவிட்டாள். ஷீஜாவுக்கு என் விசாரிப்புகளைச் சொல்.

ஒன்பதாம் பாகம் எப்படி மறக்கும்? அன்றைக்கு மழையில் கறன்ட் போனதால் உன் அத்தானால் பதிவு செய்ய முடியவில்லை. அந்த ஒரு பாகத்துக்காக அவர் ஒரு வாரம் முகம் தூக்கிவைத்திருந்தார். தனித்தாளில் முழுவதும் எழுதியிருக்கிறேன். இப்படித் தொடங்கும்:

'நாரை, பூமி நிலையத்திலிருந்து தாரணி. நீங்கள் சனியின் நிழலுக்குள் போய்விட்டீர்கள். நான் பேசுவது கேட்கிறதா என்று எனக்குத் தெரியாது. கேட்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறேன்.'

எழுதும்போது உதடு அசைந்ததை ரெஜிலா பார்த்துவிட்டாள். "மாமி, ஆருட்ட பேசுதீங்க?" என்றாள். சிலேட்டில் 'சனி' என்று எழுதிக் காட்டினேன். பயந்துவிட்டாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

நம் சபையில் நான் முப்பது வருஷம் வேதபாடம் வாசித்த இடத்தில் இப்போது குளோரி வாசிக்கிறாள். நன்றாகத்தான் வாசிக்கிறாள். மூச்சை மட்டும் தப்பான இடத்தில் வாங்குகிறாள். நான் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு கடைசிப் பெஞ்சில் உட்காருகிறேன். முன்னால் உட்கார்ந்தால் இருமல் வரும்போது பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். பாட்டு வேளையில் புத்தகத்தைப் பிடித்து வாயை அசைப்பேன். அது கள்ளத்தனம் போல இருக்கிறது. அசைக்காமல் நின்றாலும் வெட்கமாக இருக்கிறது.

நாடகம் வெளிவரும் நாளை எழுது. வசனத்தை யாராவது புதுப் பெண்ணை வைத்துப் பேசச் செய்வாயானால் அவளிடம் சொல், தாரணி அந்தப் பாகத்தில் அழவே கூடாது.

அன்புடன்
அக்கா.


பல்லாவரம்,
30 மே 2024.

அன்பு அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அப்படி. உன் உடம்பு எப்படி இருக்கிறது? வெயில் அதிகமா? தூசி உள்ளே போகாமல் துணியை நனைத்துப் போட்டுக்கொள்கிறாயா? உடம்பைப் பார்த்துக்கொள்.

நாடகம் வெளிவந்துவிட்டது. நிறையப் பேர் கேட்கிறார்கள். பென் டிரைவில் எல்லாப் பாகத்தையும் அனுப்பியிருக்கிறேன், ரெஜிலாவிடம் போடச் சொல். ஒன்பதாம் பாகத்துக்குப் புதுப் பெண் யாரையும் வைக்கவில்லை. கம்ப்யூட்டர் உதவியோடு செய்தோம். கேட்டால் உனக்கே தெரியும்.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. ஓய்வுபெறும் வயதில் நிரந்தரம். ஷீஜா கேக் வாங்கி வந்தாள்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைக் கவனித்துக்கொள்.

தம்பி
ஞானசிங்.


அருமனை,
14 ஜூன் 2024.

பிரியமான தம்பிக்கு,

நீ நான்கு இடத்தில் என் உடம்பை விசாரித்திருக்கிறாய். நான்குக்கும் சேர்த்துச் சொல்கிறேன், நன்றாக இருக்கிறேன். உன் வேலை நிரந்தரமானதற்குக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

ஒன்பதாம் பாகத்தை நேற்று மத்தியானம் கேட்டோம். ரெஜிலா மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையோடு எழுந்து வந்து நின்றாள். அவள் இந்த வீட்டுக்கு வந்தது என் ஆபரேஷனுக்குப் பிறகு. என் குரலை அவள் கேட்டதே இல்லை.

"மாமி, இப்பிடியா ஒங்களுக்க சத்தம்?"

நான் தலையாட்டினேன். ஆனால் தம்பி, அதை நான் பேசவில்லையே. என் குரல்தான், அந்த வாக்கியத்தை அது சொன்ன விதம்தான் வேறு. அன்றைக்கு எனக்கு ஜலதோஷம் இருந்தது, 'நிழலுக்குள்' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் கட்டியது. இதில் கட்டவில்லை. சளியில்லாத தாரணி.

ஒரு குறை. மற்ற பாகங்களில் உன் அத்தானின் இருமலைத் தேடினேன், எங்கும் இல்லை. சுத்தம் செய்யும்போது எடுத்துவிட்டாய் போலும். பழைய கேசட்டை அழித்துவிடாதே.

இனி ஒரு ஆசை. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எழுதிக்கொடுத்தால் அந்தக் கம்ப்யூட்டர் எதையும் என் குரலில் சொல்லுமா? ஆகஸ்ட் கடைசியில் நம் சபையில் அறுப்பின் பண்டிகை. அன்றைய வேதபாடத்தை அதில் வாசிக்கச் செய்து அனுப்புவாயா? போதகரிடம் நான் கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு தடவை அந்தக் கோயிலுக்குள் என் குரல் கேட்டால் போதும்.

பதிலை எதிர்பார்க்கும்
அக்கா.


அருமனை,
22 ஜூலை 2024.

பிரியமான தம்பிக்கு,

சுகமா? என் கடிதம் கிடைக்கவில்லையோ என்று தபால்காரர் இசக்கியிடம் சிலேட்டில் கேட்டேன். "அனுப்பினா போவும், அக்கா. வரல்லண்ணா அங்க எழுதல்லண்ணு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, சொன்னது கொஞ்சம் அதிகமோ என்று நினைத்தவர் போலச் சைக்கிளை மிதித்துப் போனார்.

போதகரிடம் நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. முடியாது என்றால் முடியாது என்று எழுது.

அக்கா.


பல்லாவரம்,
5 ஆகஸ்ட் 2024.

அன்பு அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். இருவரும் சுகம். நீ கேட்டது இப்போதைக்கு முடியாது. அந்த ஏற்பாடு கம்பெனியுடையது, நான் என் இஷ்டத்துக்கு எடுத்துப் பயன்படுத்த முடியாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

பஞ்சுத்துணியில் கழுத்துச் சால்வை இரண்டு அனுப்பியிருக்கிறேன். ஷீஜா தேர்ந்தெடுத்தது.

தம்பி.


அருமனை,
16 செப்டம்பர் 2024.

தம்பி ஞானசிங்குக்கு,

அக்கா எழுதுவது. சால்வைகள் கிடைத்தன. ஷீஜாவுக்கு நன்றி. சுகமாக இருக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் சங்கத்துக்கு உட்கார்ந்தோம். குளோரி போனை நடுவில் வைத்தாள். "ராஜபாய் அக்கா, நீங்க தப்பா நெனைக்கப்பிடாது. இது ஒங்களுக்க சத்தம் இல்லியா?" என்றாள்.

நான் பேசினேன். போனுக்குள் நான் பேசினேன்.

'கன்னி ராசி அன்பர்களே, இன்று சனி உங்கள் எட்டாம் வீட்டைப் பார்க்கிறார். பயணங்களைத் தவிர்க்கவும்.'

நாரையிலிருந்தவர்களை எந்தக் குரலில் எச்சரித்தேனோ அதே குரல். தினமும் காலையில் பன்னிரண்டு ராசிக்கும் பலன் சொல்கிறேனாம். அருமனையிலும் மார்த்தாண்டத்திலும் கடைக்குக் கடை ஓடுகிறதாம்.

ரெஜிலா எழுந்தாள். "மாமிக்கு தொண்டையில குரலே இல்ல, பின்ன எப்பிடிப் பேசுவாவ?" என்றாள்.

"அதாம் மக்கா, குரல் போவதுக்கு மின்னயே பேசிக் குடுத்திருக்காவ" என்றார்கள் பின்னாலிருந்து. "சபையில வேதம் வாசிச்ச வாய்" என்று இன்னொருத்தி சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். காது எனக்கு நன்றாகக் கேட்கும் என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

நான் சிலேட்டை எடுத்து 'எனக்குத் தெரியாது' என்று எழுதினேன். கை நடுங்கியதில் எழுத்து கோணிப்போயிற்று. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளையைப் போல. இந்த வயதில்.

மறுநாள் போதகர் வீட்டுக்கு வந்தார். சாயா குடித்தார். நல்ல மனுஷன், அவருக்கே கூச்சமாக இருந்தது. விளக்கம் தெரிகிறவரை திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க முன்னால் வராமல் இருந்தால் பேச்சு அடங்கும் என்றார். நேற்று எல்லாரும் பலிபீடத்துக்குப் போகும்போது நான் பெஞ்சிலேயே இருந்தேன். ரெஜிலாவும் போகாமல் என் பக்கத்திலேயே இருந்தாள். அவளைப் போகச் சொல்லித் தள்ளினேன். "நான் போவல்ல மாமி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. நடந்ததைத்தான் எழுதினேன்.

அக்கா ராஜபாய்.


பல்லாவரம்,
30 செப்டம்பர் 2024.

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்கவும் எனக்குத் தகுதி இல்லை.

ஒன்பதாம் பாகத்துக்காக உன் குரலை அந்த மிஷினுக்குக் கற்றுக்கொடுத்தது நான். அத்தானின் இருமலை ஒவ்வொன்றாக எடுத்ததும் அதற்குத்தான். குரல் சுத்தமாக இருந்தால்தான் அது கற்றுக்கொள்ளும். வேலை முடிந்ததும், இந்தக் குரல் மற்ற ஆப்புகளுக்கும் பிரயோஜனப்படும், அக்காவின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். உனக்கு அனுப்பினால் நீ கேள்வி கேட்பாய். என் வேலை நிரந்தரமாவது அந்த வாரத்தில் நின்றிருந்தது. உன் பெயரை நானே எழுதினேன். சின்ன வயதில் உன் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் அப்பா கையெழுத்தைப் போட்டுத் தந்த அதே கை.

யாருக்கு விற்பார்கள் என்று எனக்குத் தெரியாது. இது உண்மை. ஆனால் ஜூலையில் தெரிந்துவிட்டது. நீ வேதபாடத்துக்காகக் கேட்டிருந்த கடிதம் மேஜையில் இருந்தது, பக்கத்தில் இருந்தவனின் போனில் நீ துலாம் ராசிக்குப் பலன் சொல்லிக்கொண்டிருந்தாய். அதனால்தான் பதில் எழுதவில்லை. பிறகு சால்வை வாங்கி அனுப்பினேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று எபினின் அறைக்குப் போனேன்.

"அந்த சத்தத்த எடுத்து மாத்தணும்" என்றேன்.

"அங்கிள், ஒங்களுக்க அக்கா சம்மதம் தந்தாவ இல்லியா?"

"தந்தது நான். அவ இல்ல."

"அப்பம் அந்தக் கையெழுத்து?"

"அதும் நான்தான்."

அவன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தான். "அங்கிள், நீங்க இதச் சொன்னத நான் கேக்கல்லண்ணு வச்சிக்கிடவா?" என்றான். என் மேல் இரக்கப்பட்டுத்தான் கேட்டான். அந்த வாசல் வழியாக வெளியே வந்திருக்கலாம்.

"கேட்டதாவே வச்சுக்க மக்கா" என்றேன்.

எழுத்திலும் கொடுத்தேன். குரலை எல்லா ஆப்பிலிருந்தும் எடுக்கிறார்கள். எனக்கு வேலை இல்லை. அது சரியான முடிவுதான். ஷீஜாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "அக்காவ எப்பிடிப் பாப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். நம் போதகருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், சபையில் வாசிக்கும்படி.

நீ எனக்குப் பதில் எழுத வேண்டும் என்பதில்லை.

ஞானசிங்.


அருமனை,
28 அக்டோபர் 2024.

தம்பி ஞானசிங்குக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே மழை பிடித்துவிட்டது, ரப்பர் பால் வெட்டு நின்றுவிட்டது. நீ எழுத வேண்டாம் என்று சொன்னதால் எழுதாமல் இருக்கவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

உன் கடிதத்தைப் போதகர் சபையில் வாசித்தார். குற்றம் என்னுடையது, அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று நீ எழுதிய வரியை இரண்டு தரம் வாசித்தார். ஆராதனை முடிந்ததும் குளோரி வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எல்லாரும் சேர்ந்து என்னை முன் பெஞ்சுக்குக் கூட்டிப்போனார்கள். நானும் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். ரெஜிலாவுக்கும் தெரியாது.

'எனக்குத் தெரியாது' என்று நான் சிலேட்டில் எழுதியது பொய். ஜூலையிலேயே எனக்குத் தெரியும். சந்தையில் வாழைக்குலைக் கடையில் நிற்கும்போது முதலில் கேட்டேன். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. உனக்கும் எழுதவில்லை. அடுத்த நாள் ரெஜிலா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அவள் போனில் தேடிப் பிடித்துக் கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன். பிறகு ஒரு நாளும் விடவில்லை. குளியலறைக் கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு ராசியையும் கேட்பேன்.

ராசிபலனை நான் நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். அதற்காகக் கேட்கவில்லை. நேற்றுச் சொல்லாத ஒன்றை என் குரல் இன்றைக்குச் சொல்கிறது. கேசட்டில் இருப்பது முடிந்துபோன குரல், அது இனி புதிதாக ஒன்றும் பேசாது. இது பேசிக்கொண்டிருந்தது. எங்கோ நான் உயிரோடு வாயைத் திறந்து பேசிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும். பாவம் என்று தெரிந்தும் கேட்டேன். கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு ஆசை வந்தது. சபையில் சிலேட்டைத் தூக்கிப் பிடித்து நின்றேனே, என் கை நடுங்கியது அவமானத்தால் மட்டும் இல்லை. இதை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்.

இந்த மாதம் முதல் வாரத்தில் ஒரு காலை போனை எடுத்தால் வேறு யாரோ ஒரு பெண் மேஷத்துக்குப் பலன் சொல்கிறாள். நல்ல குரல். எனக்குத் தலையில் துணி போட்டு மூடிக்கொண்டு படுக்கவேண்டும் போல இருந்தது.

நீ வேலையை இழந்து இதைச் செய்தாய். ஊரெல்லாம் உன்னை மனம் திருந்தினவன் என்கிறது. எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் யோசித்துப் பார். குரலைக் கொடுக்கும்போது நீ என்னிடம் கேட்கவில்லை. எடுக்கும்போதும் நீ என்னிடம் கேட்கவில்லை. இரண்டு தடவையும் எனக்கு எது வேண்டும் என்று நீயே தீர்மானித்துக்கொண்டாய். குரல் இல்லாதவளுக்குப் பதிலும் இருக்காது என்று நினைத்தாயா?

இவ்வளவும் எழுதியபிறகு இதைத் தபாலில் போடவும் வெட்கமாக இருக்கிறது. போட்டுவிடுகிறேன்.

ஷீஜாவிடம் சொல், அவள் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா ராஜபாய்.


பல்லாவரம்,
9 நவம்பர் 2024.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் ஸ்தோத்திரம். சுகமா? நாங்கள் சுகம். எனக்கு ஒரு ரெக்கார்டிங் கடையில் பகுதி நேர வேலை கிடைத்திருக்கிறது.

உன் கடிதத்துக்குப் பதிலாக என்னிடம் கேள்விதான் இருக்கிறது.

நேற்று எபின் கூப்பிட்டான். குரலை ஆப்புகளிலிருந்து எடுத்தார்களே தவிர, அவர்கள் கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கிறதாம். இந்த மாதக் கடைசிக்குள் அடியோடு அழிக்கலாம், அல்லது உனக்கு மட்டும் சொந்தமாக எடுத்துத் தரலாம். நீ எழுதிக்கொடுத்ததை மட்டும் பேசும்படி ரெஜிலாவின் போனில் போட்டுத் தர முடியும் என்கிறான். அப்படி வேண்டுமென்றால் வேதபாடமும் வாசிக்கலாம்.

"அக்காட்ட கேட்டுட்டு சொல்லுதேன்" என்றேன்.

அக்கா, அழிக்கவா? வைக்கவா?

நான் கிறிஸ்துமஸுக்கு வரலாமா?

ஞானசிங்.


அருமனை,
24 நவம்பர் 2024.

பிரியமான தம்பி ஞானசிங்குக்கு,

அக்காவின் அன்பு. ஷீஜாவுக்கும் உனக்கும் கர்த்தர் நல்ல சுகம் தரட்டும்.

உன் இரண்டு கேள்விகளும் வந்து சேர்ந்தன. முதல் கேள்விக்குப் பல நாள் எடுத்துக்கொண்டேன். வைக்கச் சொல்லத்தான் மனம் துடித்தது. சரி, அது என்னிடம் வந்தால் முதலில் எதைச் சொல்லச் சொல்வேன் என்று யோசித்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 'ரெஜிலா, நீ அன்றைக்கு என்னோடு பெஞ்சில் இருந்தாயே, அதை நான் மறக்க மாட்டேன்' என்று எழுதினேன். எழுதிய தாளையே அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் வாசித்துவிட்டு அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு சுபினுக்கு ஒன்று எழுதினேன், இரண்டு பக்கம் வந்தது. அதை மஸ்கட்டுக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். அவன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது கையை ஆட்டவில்லை, அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினான். மூன்றாவதாகக் குளியலறை விஷயத்தை எழுதி அதையும் ரெஜிலாவிடம் கொடுத்தேன். "எனக்குத் தெரியும் மாமி, சார்ஜ் கொறஞ்சு கெடக்கும்" என்றாள். எவ்வளவு கேவலம் பார்.

மிஷினுக்குக் கொடுக்க என்று வைத்த ஒரு வாக்கியமும் கையில் மிஞ்சவில்லை.

அழிக்கச் சொல். எபினுக்கு நானே எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தோடு. அதை இதனுடன் வைத்திருக்கிறேன், கொண்டுபோய்க் கொடு. உன் அத்தானின் இருமல் உள்ள கேசட்டுகளை மட்டும் திரும்பக் கொண்டு வா.

வேதபாடம் வாசிக்க இன்னும் ஆசை இருக்கிறது. அந்த ஆசை போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. நான் சந்தைக்குப் போகும்போது அந்த வாழைக்குலைக் கடையைத் தாண்டி அடுத்த கடைக்குப் போகிறேன். வெட்கம் இருக்கிறது. இருக்கட்டும்.

இரண்டாம் கேள்வி. உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. வந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பேன், சிலேட்டில் குத்தலாக எழுதுவேன், ஷீஜா முன்னாலும் எழுதுவேன். அதற்குச் சம்மதம் என்றால் வா.

உன் கடிதத்தை ரெஜிலாவைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். எனக்குக் கண் தெரியாமல் இல்லை, கேட்க ஆசைப்பட்டேன். 'அக்கா, அழிக்கவா? வைக்கவா?' என்ற இடத்தை அவள் உன் குரலைப் போல மூக்கால் வாசித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் சிரிப்புக்கு இப்போது சத்தம் கிடையாது, கழுத்துத் துணி படபடவென்று ஆடும், அவ்வளவுதான். அதைப் பார்த்து அவளும் சிரித்தாள். துணி கீழே விழுந்துவிட்டது. எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

உன் அக்கா
ராஜபாய்.